கைக்குப் பலம் ஏறிய வெள்ளிக்கிழமைகள்

எங்கள் நோய்க்காரர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. புதிதாகச் சேருகிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் கேட்பார்கள். வீட்டிலேயே மருந்து ஏற்றிக்கொள்ளலாமா, ஆஸ்பத்திரிதான் நல்லதா, குளிர் வருமா என்று. நான் ஒன்றரை வருடம் வீட்டில் ஏற்றிக்கொண்டவன் என்பதால் என்னை விவரமாக எழுதச் சொன்னார்கள். எழுதுவதென்றால் நான் முழுவதையும் எழுதுவேன். மருந்தைப் பற்றி மட்டும் தெரிந்துகொள்ள வந்தவர்கள் நடுவில் நிறுத்திவிடலாம்.

எனக்கு வயது ஐம்பத்தொன்று. சங்கரன்கோவில் பக்கத்து ஆள். தி. நகரில் மேட்சிங் சென்டர் வைத்திருக்கிறேன். பெண்கள் புடவையைக் கொண்டுவந்து மேசையில் விரிப்பார்கள், அதற்குப் பொருத்தமான ரவிக்கைத் துணியை எடுத்துக் கொடுப்பது எங்கள் வேலை. துணியை அளந்து, ஓரத்தில் கத்தரியால் ஒரு சின்ன வெட்டு வெட்டி, இரண்டு கையாலும் பிடித்து ஒரே இழுப்பில் கிழிப்போம். கத்தரியால் கடைசிவரை வெட்டினால் கோணும், கிழித்தால்தான் இழை நேராக வரும். அந்தச் சத்தம் கேட்டால்தான் எனக்குக் கடை நடக்கிற மாதிரி இருக்கும்.

ஒரு நாள் துணி கிழியவில்லை. ரவிக்கைக்கு எடுக்கும் சாதாரண ரூபியா பருத்தித் துணி. இரண்டு முறை இழுத்தேன், விரல்கள் தாமாகவே விட்டுவிட்டன. எதிரில் நின்ற அம்மாள் சிரித்துக்கொண்டே கேட்டாள்.

"என்ன அண்ணாச்சி, காலையில சாப்பிடலையா?"

நான் கத்தரியை எடுத்து எதிர்ச் சுவரில் இருந்த கண்ணாடி மேல் வீசினேன். கண்ணாடி முழுசாக இறங்கியது. அந்த அம்மாள் புடவையைச் சுருட்டிக்கொண்டு ஓடினாள். கடை ஆட்கள் இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டு கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கினார்கள். அவர்களுக்கு இது பழக்கம்தான். என் கோபத்தைப் பற்றி எனக்கு அப்போது கொஞ்சம் பெருமைகூட உண்டு.

பிறகு கால் மரத்தது. ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் ஒரு செருப்பு கழன்று போனது தெரியாமல் கடைவரை நடந்து வந்திருக்கிறேன். மாம்பலம் ரயில் நிலையப் படிக்கட்டில் முழங்கால் மடங்கி, மூன்று படி உருண்டேன். தூக்கிவிட வந்தவரைக் கெட்ட வார்த்தையில் திட்டினேன். அதற்குப் பிறகுதான் என் மனைவி செல்வி என்னை அடையாறில் ஒரு நரம்பு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனாள்.

அங்கே காத்திருப்புக் கூடத்தில் நாற்பது பேர். பெயரைக் கூப்பிட ஒன்றரை மணி நேரம் ஆனது. டாக்டரம்மா சின்னச் சுத்தியலால் முட்டியில் தட்டிப் பார்த்தார். கால் துள்ளவில்லை. நரம்புச் சோதனைக்கு அனுப்பினார். கையிலும் காலிலும் ஒயரை ஒட்டி, கரண்ட் கொடுத்து, அது நரம்பு வழியாக எவ்வளவு வேகத்தில் போகிறது என்று அளக்கும் சோதனை அது. ஒவ்வொரு முறை கரண்ட் கொடுக்கும்போதும் விரல்கள் வெட்டி வெட்டி இழுத்தன. பத்தாவது தடவையில் நான் மிஷினைக் காலால் உதைத்துத் தள்ளிவிட்டேன். கால் பலவீனமாக இருந்ததால் மிஷின் பிழைத்தது. இரண்டு நாள் கழித்து முதுகுத் தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். அதையும் பார்த்த பிறகுதான் நோயின் பெயரைச் சொன்னார்கள்.

பெயரைச் சுருக்கி சி.ஐ.டி.பி. என்பார்கள். ஒயரின் மேல் பிளாஸ்டிக் உறை இருப்பதுபோல நரம்பின் மேலும் ஓர் உறை இருக்கிறது. உடம்பின் எதிர்ப்புச் சக்தி, வெளியே இருந்து வரும் கிருமியை அடிப்பதை விட்டுவிட்டு, அந்த உறையைச் சுரண்ட ஆரம்பித்துவிடுகிறது. உறை போனால் மூளை சொல்வது கைக்குப் போய்ச் சேராது.

"உங்க உடம்பே உங்களை அடிக்குது, அவ்வளவுதான்" என்றார் டாக்டரம்மா. "குணமாக்க முடியாது, அடக்கி வைக்கலாம்."

அவர் அதைச் சொன்னபோது செல்வி என்னைப் பார்க்காமல் சுவரில் இருந்த நரம்புப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலில் ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார்கள். முகம் பூரி மாதிரி உப்பியது, சர்க்கரை ஏறியது. இந்த மாத்திரையால் எரிச்சலும் கோபமும் அதிகமாகலாம் என்று டாக்டரம்மா எச்சரித்தார். வீட்டுக்கு அது வசதியாகப் போய்விட்டது. நான் தட்டை வீசினால் மாத்திரை. கத்தினால் மாத்திரை. சொந்தக்காரர்கள் போன் செய்தால் செல்வியே, "பாவம், அவருக்கு மாத்திரை அப்படிச் செய்யுது" என்று சொல்லிவிடுவாள்.

இங்கேதான் நான் உண்மையைச் சொல்லியாக வேண்டும். மாத்திரைக்கு முன்பே நான் அடிப்பவன். கல்யாணமான நான்காவது மாதம், கடைச் சாவியை அவள் தன் அண்ணன் வீட்டில் மறந்து வைத்துவிட்டு வந்ததற்காகக் கன்னத்தில் அறைந்தேன். அதன் பிறகு இருபத்திரண்டு வருடத்தில் எத்தனை முறை என்று எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்திருக்கலாம். குடிக்க மாட்டேன், வேறு கெட்ட பழக்கம் கிடையாது. கை நீளும், அவ்வளவுதான். எங்கள் மகள் நிவேதா சின்ன வயதில் நான் குரலை உயர்த்தினாலே துணி அலமாரிக்குள் போய் உட்கார்ந்துகொள்வாள். சாப்பிடக் கூப்பிட்டாலும் வர மாட்டாள். இதையெல்லாம் நான் குடும்பம் நடத்துவதில் சேர்த்துத்தான் வைத்திருந்தேன்.

மாத்திரை கேட்காமல் நோய் முற்றியபோது கையில் சட்டைப் பொத்தான் போடும் பலம்கூட இல்லை. ஒரு நாள் காபி ஆறிப்போயிருந்தது என்று செல்வியை அடிக்கக் கையை ஓங்கினேன். கை பாதியில் தொங்கிப்போய் அவள் தோளில் ஈரத் துண்டு விழுந்த மாதிரி விழுந்தது. அவள் அதைப் பிடித்து என் மடியில் வைத்துவிட்டு, காபியைச் சுட வைத்துக் கொண்டுவந்து, என் வாயில் ஊற்றி ஊற்றிக் கொடுத்தாள். எனக்கு அழுகை வந்தது. அவமானத்தில் வந்த அழுகைதான், வருத்தத்தில் வந்ததில்லை.

அதன் பிறகு ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் வைத்து ஐ.வி.ஐ.ஜி. ஏற்றினார்கள். நிறையப் பேர் தானமாகக் கொடுத்த ரத்தத்திலிருந்து எதிர்ப்புப் புரதத்தை மட்டும் பிரித்து எடுத்த மருந்து அது. நரம்பு வழியாகச் சொட்டுச் சொட்டாக மெதுவாக உள்ளே போகும். போய் உடம்பின் சண்டையைக் கொஞ்ச நாளைக்கு அடக்கி வைக்கும். அந்த ஐந்து நாளும் செல்வி பார்வையாளர் பெஞ்சில் படுத்தாள். ஸ்பூன் என் விரலில் நிற்கவில்லை என்று அதன் காம்பில் ரப்பர் பேண்டைச் சுற்றிச் சுற்றித் தடிமனாக்கிக் கொடுத்தாள். பெட்பேன் வைத்தாள். தோசையை நகத்தளவு துண்டுகளாகப் பிய்த்து ஊட்டினாள். மூன்றாவது வாரம் வீட்டில் நானே பல் துலக்கினேன். செல்வி குளியலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தோஷப்படுகிறாள் என்று நினைத்தேன்.

மாதம் ஒரு முறை ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும், அதற்காக ஒவ்வொரு முறையும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுக்க வேண்டாம் என்று டாக்டரம்மாவே வீட்டு ஏற்பாட்டைச் சொன்னார். வீட்டுக்கு வந்து மருத்துவம் பார்க்கும் ஒரு நிறுவனத்திலிருந்து ஜெயந்தி என்ற நர்ஸ் வருவார். திருவல்லிக்கேணிக்காரர். ஸ்கூட்டியில் பெரிய பையோடு மந்தைவெளிக்கு வந்து இறங்குவார். எல்லாமே வெள்ளி, சனி என்று இரண்டு நாள் கணக்கு. வெள்ளிக்கிழமை நான்கு பாட்டில், சனிக்கிழமை மூன்று.

செய்யப்போகிறவர்களுக்காக முறையைச் சொல்லிவிடுகிறேன். மருந்து பிரிட்ஜில் இருக்க வேண்டும், உறையக் கூடாது. ஏற்றுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் வெளியே எடுத்து வைக்க வேண்டும். சுடுநீரில் வைக்கக் கூடாது, குலுக்கக் கூடாது, நுரை வரும். முதல் அரை மணி நேரம் ஆமை வேகம்தான். நர்ஸ் ரத்த அழுத்தம், நாடி, ஜுரம் எல்லாம் பார்த்துப் பார்த்து, குழாயில் இருக்கும் சின்னச் சக்கரத்தைத் திருப்பி வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார். அவசரப்பட்டால் உடம்பு எதிர்க்கும். தலைவலி, நடுக்கம், சில பேருக்கு அதற்கு மேலும்.

இதில் நான் என் பங்குக்கு ஒன்றைச் சேர்த்தேன். எங்கள் தொழிலில் போணி முக்கியம். அன்றைக்கு முதல் வியாபாரம் ராகு காலத்துக்கு முன்னால் ஆகிவிட வேண்டும். பத்து ரூபாய் ஊக்கு வாங்க வந்த ஆளையும் அந்த நேரத்தில் வெறுங்கையோடு அனுப்ப மாட்டோம். உடம்புக்குள் மருந்து இறங்குவதும் எனக்குப் போணிதான். வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் முதல் சொட்டு இறங்கியாக வேண்டும் என்று சட்டம் போட்டேன். செல்வி எட்டு மணிக்கே பாட்டில்களை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் வரிசையாக வைத்துவிடுவாள். ஜெயந்தியும் ஒன்பதுக்குள் வந்துவிடுவார்.

மருந்து நன்றாகவே பிடித்தது. ஏற்றிய ஒரு வாரத்தில் கையில் பலம் வரும். இரண்டாவது வாரம் கடைக்குப் போய்த் துணி கிழிப்பேன். மூன்றாவது வாரக் கடைசியில் மெல்ல இறங்கும். நாலாவது வாரம் டம்ளர் நழுவும், மாடிப்படியில் கைப்பிடி வேண்டும். மறுபடி வெள்ளிக்கிழமை வரும். எங்கள் நோயில் நிறையப் பேருக்கு இப்படித்தான்.

வீட்டிலும் ஒரு கணக்கு ஓடுவதை நான் வெகு நாள் கவனிக்கவில்லை. நாலாவது வாரத்தில் டிவி சத்தமாக ஓடும். நிவேதா அம்மாவைக் கேலி செய்வாள், செல்வி சமையலறையில் பாடுவாள். அவளுக்குப் பாட வரும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். குழம்பில் உப்புக் கூடிப்போனால், "இன்னைக்குக் கூடிப்போச்சு, மோர ஊத்திக்கோங்க" என்று சாதாரணமாகச் சொல்வாள். மற்ற வாரங்களில் உப்புக் கூடிய குழம்பை எனக்குத் தெரியாமல் கொட்டிவிட்டு வேறு வைப்பாள்.

நிவேதா அப்போது ஓ.எம்.ஆரில் ஒரு கம்பெனியில் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. ஒரு நாள் பால்கனியில் நின்று தோழியிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"இந்த வாரம் வாடி. ஒண்ணும் பயமில்ல. அப்பாவுக்கு நாலாவது வாரம்."

நான் ஹாலில் நாற்காலியில் இருந்தேன். எழுந்திருக்கப் பார்த்தேன், முழங்கால் நிற்கவில்லை. உட்கார்ந்தபடியே எதிரில் இருந்த சில்வர் டம்ளரை எடுத்து வீசினேன். அது பாதி ஹாலைக்கூடத் தாண்டவில்லை. உருண்டு போய் டிவிக்கு அடியில் நின்றது. நிவேதா உள்ளே வந்து அதை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, தன் அறைக்குப் போனாள். என் பெண்டாட்டியும் பிள்ளையும் என் நோயில் குளிர் காய்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது. வெள்ளிக்கிழமை வரட்டும் என்று காத்திருந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை ஆடி மாதம். தள்ளுபடிக் கூட்டத்தில் தி. நகர் தெருக்கள் திணறுகிற நேரம். நான் சாயங்காலத்துக்குள் கடைக்குப் போயாக வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். காலையிலேயே எல்லாம் கோணியது. கரண்ட் போய் வந்ததில் பிரிட்ஜைத் திறக்க வேண்டாம் என்று செல்வி பாட்டிலை எடுக்கவில்லை, பிறகு எடுக்கும்போது மணி ஒன்பதே முக்கால். மெட்ரோ வேலை நடக்கிற ரோட்டில் மாட்டிக்கொண்டு ஜெயந்தி வந்து சேர்ந்தபோது பத்து. அவர் பாட்டிலைத் தொட்டுப் பார்த்தார்.

"இன்னா சார், ஐஸ் கணக்கா கீது. இத இப்போ ஏத்த முடியாது. ஒரு மணி நேரம் ஆவட்டும்."

"ராகு காலம் வந்துரும்."

"அதுக்கு நா இன்னா சார் பண்றது? ராகு காலமா ஊசி போட்டுக்கப் போவுது? நீங்கதான போட்டுக்கப் போறீங்க."

நான் கத்தினேன். காசு கொடுப்பது யார், வேலை செய்வது யார் என்றெல்லாம் பேசினேன். கீழ் வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்துகிற சத்தம் கேட்டது. கடைசியில் ஜெயந்தி முகத்தை இறுக்கிக்கொண்டு, முதல் பாட்டிலை மட்டும் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் கொஞ்ச நேரம் வைத்திருந்து, பத்து இருபத்தைந்துக்குத் தொடங்கினார். சொட்டுகளுக்கு நடுவில் ஒரு கதை சொல்லி முடிக்கலாம், அவ்வளவு மெதுவான வேகம்.

"என்ன சொன்னாலும் வேகத்தக் கூட்ட மாட்டேன் சார். சக்கரத்த நீங்க தொடக் கூடாது."

பதினொன்றரைக்கு செல்வி அவரை டிபன் சாப்பிடச் சமையலறைக்கு அழைத்துப் போனாள். பாட்டிலில் பாதிகூட இறங்கவில்லை. இந்த வேகத்தில் போனால் நான்கு பாட்டில் முடிய இரவாகிவிடும். நான் வலது கையை நீட்டிச் சக்கரத்தை மேலே தள்ளினேன். சொட்டு, சரம் மாதிரி ஓட ஆரம்பித்தது. அந்த நேரத்தில் செல்வி எனக்கு வெந்நீர் கொண்டுவந்தாள். குழாயைப் பார்த்தாள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சக்கரத்தில் கை வைத்தாள்.

"கைய எடுடி."

"வேண்டாங்க. அந்தப் புள்ள அவ்வளவு சொல்லிட்டுப் போயிருக்கு."

"கைய எடுன்னேன்."

எடுத்துவிட்டாள். ஆனால் போகவில்லை. கட்டில் காலருகில் நின்றுகொண்டிருந்தாள். ஜெயந்தியைக் கூப்பிட்டால் நான் என்ன செய்வேன் என்று அவளுக்குத் தெரியும், அதனால் கூப்பிடவும் இல்லை.

கால் மணி நேரம் இருக்கும். முதலில் தாடை ஆடியது. பல்லோடு பல் மோதும் சத்தம் எனக்கே அந்நியமாகக் கேட்டது. பிறகு முதுகு. பிறகு கட்டிலே ஆடியது. குளிர் என்று சொன்னால் போதாது. ஆடி மாத வெயிலில், எலும்புக்குள்ளே இருந்து யாரோ என்னைப் பிடித்து உலுக்குகிற மாதிரி இருந்தது. மூச்சு வாங்கியது, தலைக்குள் இடித்தது. செத்துவிடுவேன் என்று நினைத்தேன். அந்தப் பயத்தை நான் அதற்கு முன்னால் அனுபவித்ததில்லை.

செல்வி முதலில் சக்கரத்தை மூடினாள். "சிஸ்டர்" என்று ஒரே குரல் கொடுத்தாள். கம்பளியை எடுத்து என் மேல் போர்த்தி, அது விலகாமல் இருக்க என் தோளை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தாள். அவள் முகம் என் முகத்துக்குப் பக்கத்தில் இருந்தது. "ஒண்ணுமில்லங்க, ஒண்ணுமில்லங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் நடுங்குவதை அவள் பார்த்துவிட்டாள் என்பது மட்டும்தான் என் மண்டையில் ஓடியது.

கம்பளிக்குள்ளிருந்து வலது கையை உருவி, முஷ்டியை மடக்கி, மிச்சமிருந்த பலத்தையெல்லாம் திரட்டி அவள் வாயில் குத்தினேன்.

அவள் பின்னால் போய் அலமாரிக் கதவில் மோதி உட்கார்ந்தாள். நான் திமிறியதில் இடது கையில் இருந்த ஊசி பிடுங்கிக்கொண்டு வந்தது. என் ரத்தம் படுக்கை விரிப்பில் கொட்டியது. அவள் வாயைப் பொத்தியிருந்த விரல்களுக்கு இடையில் அவள் ரத்தம் வழிந்தது. முன் பல் ஒன்று தரையில் கிடந்தது. அதை நான் பார்த்தேன். அடுத்து ஜெயந்தி ஓடிவந்தது, என் கையில் பஞ்சை வைத்து அழுத்தியது, தொடையில் ஒன்றும் வேறு நரம்பில் ஒன்றும் ஊசி போட்டது எல்லாம் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது. டாக்டரம்மாவுக்குப் போன் போட்டார். இருபது நிமிடத்தில் நடுக்கம் அடங்கியது.

"அம்மா, இன்னா ஆச்சு உங்களுக்கு?"

"குளிர் நடுக்கத்துல அவர் கை பட்டுருச்சு" என்றாள் செல்வி. உதடு வீங்கியிருந்ததால் வார்த்தை வழுக்கியது.

ஜெயந்தி என்னைப் பார்த்தார், செல்வியைப் பார்த்தார், பிறகு தன் தாளில் அப்படியே எழுதிக்கொண்டார். சாயங்காலம் வேலையிலிருந்து வந்த நிவேதாவிடமும் அதே வாக்கியம் சொல்லப்பட்டது. அவள் அம்மாவின் முகத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு, என் அறைக்கு வரவே இல்லை. மறுநாள் வேறு பாட்டில்கள் ஒழுங்காக ஏறின. ஜெயந்தி வைத்த வேகத்திலேயே ஏறின. நடுக்கத்தில் கை பட்டது என்று நானும் எல்லோரிடமும் சொன்னேன். கடை ஆட்களிடம் சொன்னேன், பல் டாக்டரிடம் சொன்னேன். நன்றாகச் சொல்ல வந்தது.

இரண்டு வாரம் கழித்து டாக்டரம்மாவிடம் பரிசோதனைக்குப் போனோம். அவர் தன் இரண்டு விரல்களை நீட்டினார்.

"இறுக்கிப் பிடிங்க. இன்னும். போதும், போதும், விடுங்க" என்று சிரித்துக்கொண்டே கையை உதறினார். "பிரமாதம். முழு பலம் வந்திருக்கு. பாத்தீங்களாம்மா?"

செல்வி நாற்காலியில் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"டாக்டர், மருந்தக் கொஞ்சம் கொறைக்க முடியுமா?"

"ஏம்மா, செலவு கஷ்டமா இருக்கா? இன்ஷூரன்ஸ் வருதுல்ல?"

"வருது. அதுக்கில்ல."

"கொறைச்சா முதல்ல கைதான் விழும். அப்புறம் கடையில உக்கார முடியாது."

"விழுந்தாப் பரவால்ல டாக்டர். நடக்கட்டும். கால் நல்லா இருக்கட்டும். கைக்கு மட்டும் கொஞ்சம் கொறைச்சலா இருக்குற மாதிரி ஏதாவது மருந்து இருக்கா?"

அவள் இதைச் சாதாரணமாகக் கேட்டாள். எங்கள் கடையில், இதே நிறத்தில் கொஞ்சம் மட்டமான துணி இருக்கிறதா என்று கேட்பார்களே, அந்தக் குரலில். பேசும்போது முன் பல் போன இடம் தெரிந்தது. இதைக் கேட்க அவள் எத்தனை நாள் யோசித்திருப்பாள் என்று எனக்குத் தோன்றியது. யோசித்து யோசித்து, புருஷன் சாகவும் வேண்டாம், படுக்கையில் விழவும் வேண்டாம், கை மட்டும் ஓங்க முடியாமல் இருந்தால் போதும் என்கிற இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறாள்.

டாக்டரம்மா குழப்பத்தோடு என்னைப் பார்த்தார். "அவளுக்கு ஒண்ணும் தெரியாது டாக்டர்" என்று சொல்ல வாயெடுத்தேன். அது வரவில்லை.

"நான் அவள அடிப்பேன் டாக்டர்" என்றேன். "நோய்க்கு முன்னாடியே அடிப்பேன். பல்லு போனது நடுக்கத்துல இல்ல. நான்தான் குத்தினேன்."

இருபத்திரண்டு வருடத்தில் அதை வெளி ஆள் ஒருவரிடம் முதல் முறையாகச் சொல்கிறேன். சொன்னதும் மனம் லேசாகும் என்பார்கள். எனக்கு அப்படி ஒன்றும் ஆகவில்லை. டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார்.

"நீங்க வெளிய இருங்க. அம்மாகிட்ட நான் பேசணும்."

காத்திருப்புக் கூடத்தில் என் வரிசை எண்ணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அரை மணி நேரம் கழித்துச் செல்வி வந்தாள். அழுத முகம் இல்லை. மருந்துச் சீட்டை என்னிடம் நீட்டினாள்.

"மருந்தக் கொறைக்க வேண்டாம்னு சொல்லிட்டேன். முழுசாவே ஏத்திக்கோங்க. நானும் நிவேதாவும் கொட்டிவாக்கத்துல வீடு பாத்திருக்கோம். ஒரு மாசமாச்சு பாத்து. மருந்தக் கொறைச்சா இருந்துக்கலாமான்னுதான் கடைசியாக் கேட்டுப் பாத்தேன். இன்னைக்குப் போறோம்."

"செல்வி, நான்தான் எல்லாத்தையும் ஒத்துக்கிட்டேன்ல."

"ஒத்துக்கிட்டீங்க. அதுக்கு முன்னாடியே நான் அட்வான்ஸ் குடுத்துட்டேன்."

அவள் ஒரு ஆட்டோவிலும் நான் ஒரு ஆட்டோவிலும் வீட்டுக்கு வந்தோம். நான் வந்தபோது நிவேதா இரண்டு பெட்டிகளைக் கட்டித் தயாராக வைத்திருந்தாள். செல்வி பிரிட்ஜைத் திறந்து, அடுத்த மாதப் பாட்டில்கள் இருக்கும் தட்டைக் காட்டி, "வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கு எடுத்து வெளிய வைக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் தடுக்கவில்லை. கையில் பலம் இருந்தது. அதை இரண்டு தொடைக்கும் நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அடுத்து மருந்து ஏற்ற வேண்டிய வெள்ளிக்கிழமை நானே எட்டு மணிக்குப் பாட்டில்களை எடுத்து வைத்தேன். ஜெயந்தி வந்து பையை இறக்கினார்.

"அம்மா எங்க சார்?"

ஊருக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லியிருக்கலாம்.

"போயிட்டா. அன்னைக்கு நான் வேணும்னுதான் அடிச்சேன்."

"தெரியும் சார்." அவர் பையின் ஜிப்பைத் திறக்கவில்லை. "குளிர்ல ஒதர்ற கை எது, ஓங்குற கை எதுன்னு எனக்குத் தெரியாதா? அம்மா மூஞ்சியப் பாத்தேன், எழுதாதன்னு சொல்லிக்கினு இருந்துச்சு. நெசத்த எழுதல. எழுதி இருக்கணும்."

பிறகு அவர் வழக்கமான குரலுக்கு வந்தார்.

"வீட்ல கூட ஒரு ஆள் இல்லாம நா ஏத்தக் கூடாது சார். எங்க ரூல்ஸ் அது. உங்களுக்கு எதுனா ஆச்சுன்னா புடிக்க ஒருத்தர் வேணும். ஆஸ்பத்திரி டே கேருக்குப் போயிடுங்க, நா போன் போட்டுச் சொல்றேன்."

பாட்டில்களை ஐஸ் பெட்டியில் அடுக்கிக் கொடுத்தது அவர்தான். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அடையாறுக்கு ஆட்டோவில் போனேன். பத்தரை தாண்டிவிட்டது, நான் மணியைப் பார்க்கவில்லை. பகலில் வந்து மருந்து ஏற்றிக்கொண்டு போகும் டே கேரில் ஒரு படிவம் கொடுத்தார்கள். அதில் நோயாளியுடன் வந்தவர் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. யாரும் இல்லை என்றேன். அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு ஊசி ஏற்றினார்கள்.

ஏழு மாதமாக அங்கேதான் ஏற்றிக்கொள்கிறேன். மருந்து நன்றாக வேலை செய்கிறது. கை முழுப் பலத்தோடு இருக்கிறது. வீட்டில் அதற்குப் பயப்பட ஆள் இல்லை.